ரெண்டு குழாய் கட்டின வெங்காய வண்டி

"வாயத் தொறடா" என்றார் ரெஜினாம்மா. கையில் கரண்டி, கரண்டியில் குழம்பு. எனக்குப் பின்னால் வண்டி, முன்னால் அந்தம்மா, ரெண்டு பக்கமும் சாக்கடை. எங்கே ஓட? திறந்தேன். ஊற்றினார். விழுங்கினேன்.

"என்னடா வாசம் அடிக்குது?"

"புளிக்கொழம்பு."

"அத வச்ச எனக்குத் தெரியாதா? கொழம்புக்குள்ள என்ன வாசம் அடிக்குதுன்னு கேட்டேன்."

பினாயில் வாசம் அண்ணே. ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து சோறு தின்ற மாதிரி இருந்தது. அதை வியாபாரம் பண்ணுகிறவன் வாயால் சொல்லலாமா? நான் சொன்னேன். எனக்குப் பொய் வராது. "பினாயில்மா" என்றேன்.

"கேட்டீங்களாடி, அவனே சொல்றான்!" தெரு முழுக்கக் கதவு திறந்தது. நாங்கள் வெங்காயம் வெங்காயம் என்று தொண்டை கிழியக் கத்தினபோது திறக்காத கதவெல்லாம் அன்றைக்குத் திறந்தது.

கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்க அண்ணே, அங்கே வெயில் அடிக்கும். திண்டுக்கல் வரைக்கும்தானே? நானும் அங்கேதான். தூங்குகிற ஆள் என்றால் இப்பவே சொல்லிவிடுங்க, வாயை மூடிக்கொள்கிறேன். தூங்கமாட்டீங்களா? சரி. எனக்கும் தூக்கம் வரவில்லை. உடம்பு பூரா அசதி, கண் மட்டும் மூட மாட்டேன் என்கிறது. காதுக்குள் என் குரலே ஓடிக்கொண்டிருக்கிறது. நாள் முழுக்க உங்க குரலை நீங்களே கேட்டதுண்டா? அதுவும் குழாய் ஸ்பீக்கரில்? கேட்டுப் பாருங்க, அப்போது தெரியும்.

என் பேர் அபினேஷ். திண்டுக்கல்லில் தெருத் தெருவாகப் போகிற ஒரு குட்டியானை வண்டியில் வெங்காயம் விற்கிறோம். வண்டி மச்சானுடையது. மச்சான் என்றால் என் அக்கா நாகஜோதியைக் கட்டினவர், தெய்வேந்திரன். அவர் ஓட்டுவார். நான் எடை போடுவேன், ஸ்பீக்கரில் பேசுவேன். பேசுவேன் என்றால் பதிந்து வைத்த குரல்தான். அக்கா பிரசவத்துக்கு நத்தத்துக்கு வந்தவள், எங்க அம்மா வீட்டுக்கு. பொம்பளைப் பிள்ளை. பிள்ளைக்குத் தலை நின்றுவிட்டது, ஆள் முகம் பார்த்துச் சிரிக்கிறது, அக்கா இன்னும் புருஷன் வீடு திரும்பவில்லை. அழைத்துப்போக வேண்டிய மாசமெல்லாம் தாண்டிவிட்டது. "என்ன நாகஜோதி, இன்னும் இங்கயா இருக்க?" என்று பக்கத்து வீடுகளில் கேட்கிறார்கள். அவள் ஒன்றே ஒன்றுதான் மச்சானிடம் சொல்லியிருந்தாள். "மொதல்ல அந்த வீட்ட வீடா ஆக்கு. அப்புறம் வர்றேன்."

அக்கா வருவாளா மாட்டாளா, அதுதான் அண்ணே விஷயம். மற்றதெல்லாம் வெங்காயம்.

முதலில் நல்லாத்தான் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் அநியாயம். காலையில் வெங்காயப்பேட்டைக்குப் போய் மூட்டை எடுப்போம். நேராகத் தெருவுக்குப் போகமாட்டோம். வீட்டு வாசலில் சாக்கு விரித்துக் கொட்டுவோம். முளை விட்டது தனி, ரெட்டைக்காய் தனி, அழுகல் தனி. மேல் சருகை உதறி, நல்லதை மட்டும்தான் வண்டியில் ஏற்றுவோம். அக்கா அப்போது வயிற்றுப் பிள்ளையோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அந்தா, அது அழுகல், கண்ணு எங்க இருக்கு ஒனக்கு?" என்று என்னைத்தான் வைவாள்.

மற்ற வண்டிக்காரன் வெங்காயத்தில் கை வைக்க விடமாட்டான். அவனே அள்ளிப் போடுவான், வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அடியில் நாலு அழுகல் இருக்கும். மச்சான் பொறுக்க விடுவார். "பொறுக்கிக்கங்கம்மா, பொறுமையாப் பொறுக்கிக்கங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அழுகலே இல்லாத குவியலில் எதைப் பொறுக்கினால் என்ன? ஆனால் அந்தம்மாக்களுக்கு அது ஒரு சந்தோஷம். ஒரு கிலோ வாங்க வந்தவர் பொறுக்கிப் பொறுக்கி ரெண்டு கிலோ ஆக்கிவிடுவார்.

அப்போது நான் பேசினது இவ்வளவுதான்: "வெங்காயம்... வெங்காயம்... பொறுக்கி எடுக்கலாம், வெங்காயம்." போர்வைக்குள் தலையை விட்டு என் செல்போனில் பதிந்தேன். வெளியே பதிந்தால் பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் விழுகிறது. அந்தப் போனையே வண்டியில் மாட்டிவிட்டோம், ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடும். வண்டி திரும்பும்போதே பொம்பளைகள் தட்டோடும் கூடையோடும் வாசலில் நிற்பார்கள். சின்னப் பிள்ளைகள் என்னை மாதிரியே "பொறுக்கி எடுக்கலாம்" என்று கத்தும். அதில் ஒரு வாலு "பொறுக்கி வந்துட்டான்" என்று கத்தினது. அதை விடுங்க.

நான் ஏன் படிக்கவில்லை என்று கேட்பீங்க. பதினொண்ணாவது பாதியில் விட்டேன். பிடிக்கவில்லை, விட்டேன், அவ்வளவுதான். பிடிக்காததைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற ஆள் நான் இல்லை.

அப்புறம் மச்சான் அந்த மீட்டிங்குக்குப் போனார். ஒரு கல்யாண மண்டபத்தில் தொழில் வளர்ச்சிக் கூட்டமாம், அனுமதி இலவசம், டீயும் பிஸ்கட்டும் உண்டு. கோட்டுப் போட்ட ஒரு ஆள் மேடையில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே பேசினாராம். மச்சான் திரும்பி வரும்போது கண்ணெல்லாம் மினுமினு என்று இருந்தது. காய்ச்சலா என்று நினைத்தேன்.

"மாப்ள, ஒரு வீட்டுக் கதவத் தெறக்க வைக்கிறதுதான் கஷ்டம். தெறந்துட்டாங்கன்னா அவங்களுக்கு வெங்காயம் மட்டுமா வேணும்? வீட்டுக்குத் தொடப்பம் வேணாமா?"

"வேணும்தான்."

"பினாயில்?"

"வேணும்."

"கோலப்பொடி, ஊறுகா, ஊதுபத்தி?"

என்ன அண்ணே சொல்ல? எல்லாமே வேணும்தானே. அதுதான் மச்சானிடம் கஷ்டம். அவர் ஐடியா எதுவும் தப்பாக இருக்காது. தப்பாக இருந்தால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நல்ல ஐடியா. எல்லாம் சேர்ந்து ஒரே வண்டியில் ஏறினதுதான் வினை.

ஏறினது அண்ணே. பூண்டு ஏறியது. துடைப்பம் ஏறியது. கோலப்பொடி எட்டு நிறத்தில் ஏறியது. பிளாஸ்டிக் குடம் வண்டிக்கு வெளியே தொங்கியது. வெங்காயம் நடுவில் உட்கார்ந்திருந்தது, பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக் கிடைக்காதவன் மாதிரி. அப்புறம் வாட்ஸ்அப் குரூப். 'தெய்வா ஹோம் நீட்ஸ்' என்று பேர் வைத்து எல்லாத் தெருப் பொம்பளைகளையும் சேர்த்தார். காலையில் பூப்படம் போட்டு வணக்கம் சொல்லுவார். அது நாலைந்து நாள் ஓடியது. அப்புறம் யாரோ ஒரு அம்மா அதில் நிலம் விற்பனைக்கு என்று போட்டது, எல்லாரும் வெளியே போய்விட்டார்கள். அப்புறம் குலுக்கல். பொருள் வாங்கினால் ஒரு சீட்டு, பேர் எழுதிப் பெட்டியில் போடணும், முதல் பரிசு குக்கர். பெட்டி நிறைந்துவிட்டது. குக்கர் வாங்கவே இல்லை. குலுக்கவும் இல்லை. "தம்பி, குலுக்குனீங்களா?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அந்தப் பெட்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன்.

இத்தனையையும் காலையில் ஏற்றி இறக்கவே நேரம் சரியாக இருக்கும். சாக்கு விரித்து வெங்காயம் பொறுக்க ஏது நேரம்? மூட்டையை அப்படியே பிரித்துக் கொட்டினோம். பொறுக்க வந்த அம்மாக்கள் கை வைத்தால் அழுகல் விரலில் ஒட்டியது. மச்சான் இப்போதும் "பொறுமையாப் பொறுக்கிக்கங்கம்மா" என்பார். அவர்கள் முறைத்தார்கள்.

பினாயில் கேன் எப்படி வெங்காயத்தின் மேல் போனது என்று கேட்கிறீங்களா? நான்தான் வைத்தேன். வேறு எங்கே வைக்க? கோலப்பொடி மேல் வைத்தால் நனையும், துடைப்பத்தின் மேல் வைத்தால் சாயும். மூடி சரியில்லாத கேனை வாங்கினது யார்? மச்சான். சாக்கு ஊறி வெங்காயம் ஊறி ரெஜினாம்மா குழம்பு வரைக்கும் போய்விட்டது.

அந்தக் கரண்டி நாளில் மச்சான் வண்டியைவிட்டு இறங்கினார். மன்னிப்புக் கேட்டார். கும்பிட்டுக்கூடக் கேட்டார். அந்தம்மா முகம் லேசாக இறங்கியது. அதோடு வாயை மூடியிருந்தால் முடிந்திருக்கும். இவர் சும்மா இருப்பாரா? "அம்மா, நடந்தது நடந்துபோச்சு, நம்ம வண்டி சார்பா ஒரு பாட்டில் பினாயில் இலவசமா வச்சுக்கங்க" என்றார்.

"எதுக்கு? நாளைக்கு ரசத்துல ஊத்தவா?"

தெருவே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். மச்சான் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

அங்கேதான் அண்ணே இன்னொரு கூத்து. எதிர்த்த வீட்டு அம்மா இறங்கி வந்து, "வெங்காயமா? இது தொடப்ப வண்டியில்ல?" என்கிறது. ரெஜினாம்மா, "யாருடி சொன்னா? வெங்காய வண்டி" என்கிறார். கடைசி வீட்டில் கைலி கட்டிய ஒரு பெரியவர், "ரெண்டு பேரும் சும்மா இருங்க, தினம் எங்க வீட்டுக்கிட்ட வரும்போது ஊறுகான்னுதான் சொல்லுது. எனக்கு பிரஷரு, அதனாலதான் நான் எந்திரிக்கிறதே இல்ல" என்கிறார். மூன்று பேரும் சண்டை. வண்டி ஒன்று, தெரு ஒன்று, ஆளுக்கு ஒரு சரக்கு.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முன்னே ஒரே வரி. ஒரு வீட்டைத் தாண்டுவதற்குள் நாலு தடவை வெங்காயம் என்று சொல்லும். இப்போது போர்வைக்குள் நான் பேசினது முழு நீளம். வெங்காயத்தில் ஆரம்பித்து, பூண்டு, துடைப்பம், பினாயில் என்று போய், குலுக்கலில் குக்கர் என்று முடிவதற்குள் தெருவே முடிந்துவிடும். தெருமுனையில் திரும்பும்போதுதான் நான் பட்டனை அமுக்குவேன். தினம் அதே முனை, தினம் அதே வேகம். அதனால் முதல் வீட்டுக்கு நாங்கள் எப்பவும் வெங்காயம். எதிர் வீட்டுக்கு எப்பவும் துடைப்பம். பெரியவருக்கு எப்பவும் ஊறுகாய். ஊறுகாய் வேண்டாத வீட்டுக்கு ஊறுகாய், துடைப்பம் போன வாரம்தான் வாங்கின வீட்டுக்குத் துடைப்பம்.

மச்சானிடம் சொன்னேன். நேரடியாகவே சொன்னேன். "மச்சான், பழையபடி வெங்காயம்னு மட்டும் வைப்போம்."

"அப்ப மத்த சரக்கு?"

"மத்தது வேணாம்."

"வாங்கிப் போட்டாச்சே மாப்ள." கொஞ்சநேரம் கன்னத்தைச் சொரிந்தார். மறுபடி கண் மினுமினுத்தது. "ஒண்ணு பண்ணலாம். இன்னொரு குழாய் கட்டுவோம். முன் குழாய் வெங்காயம் மட்டும் சொல்லட்டும். பின் குழாய் மத்ததச் சொல்லட்டும்."

கட்டினார் அண்ணே. சத்தியமாகக் கட்டினார். ரெண்டிலும் என் குரல். முன்னால் நான் வெங்காயம் என்கிறேன், பின்னால் நானே துடைப்பம் என்கிறேன். என் வாயே என் வாயோடு சண்டை போடுகிறது. "பொறுக்கி எடுக்கலாம் பினாயில்" என்று விழுகிறது, "ஊறுகாய் கொண்டு வீடு பெருக்கலாம்" என்று விழுகிறது. நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. ஒரு வீட்டில் தொட்டுக்கும்பிட்டு, "தம்பி, எங்க மாமியாருக்கு ஒடம்பு சரியில்ல, கொஞ்சம் அமத்திட்டுப் போ" என்றார்கள். நான் நடுவில், எடை போட யாரும் இல்லாமல், தராசைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்பு ஏசி மெக்கானிக்கிடம் கொஞ்சநாள் இருந்தபோதுகூட இவ்வளவு சலிப்பு இல்லை. அந்த ஆள் சரியில்லை என்று விட்டேன். அதற்கு முன்னே செல்போன் ரிப்பேர் பழகினேன், கண் வலித்தது. ஜூஸ் கடை என்னமோ பரவாயில்லை, ஆனால் காலையிலிருந்து ஆரஞ்சுத்தோல் உரிக்கிறது ஒரு வேலையா? அதெல்லாம் வேறு கதை.

தெருவில் யாரும் வரவில்லை. கோபம்கூட இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். நாங்கள் வருவதும் போவதும் குப்பை வண்டி வருவது மாதிரி ஆகிவிட்டது.

அந்தச் சமயம் அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். மச்சான் சட்டை மாற்றிக்கொண்டு சுவர் ஓரமாக நின்று பேசினார். அந்த ஒரு சுவர்தான் காலியாக இருந்தது. மற்ற மூன்று பக்கமும் சரக்கு. ஒரே அறை வீடு அண்ணே. நானும் அவரும் குடத்துக்கும் துடைப்பக் கட்டுக்கும் நடுவில் ஒருக்களித்துப் படுப்போம்.

"போனைக் கொஞ்சம் திருப்பு" என்றாள் அக்கா.

"எதுக்கு ஜோதி? பிள்ளையக் காட்டு."

"திருப்புங்கறேன்ல."

அவர் மெதுவாகத் திருப்பினார். பிள்ளை மட்டும் அந்தப் பக்கம் எதையோ சப்புகிற சத்தம் கேட்டது. அப்புறம் கேட்டாள்: "பிள்ளைய எங்க போடுவ? பினாயில் கேன் மேலயா?"

"இல்ல ஜோதி, இந்த மாசம் எல்லாம் வித்துப்போயிரும். அடுத்து ஒரு பிளான் வச்சிருக்கேன், கேளேன்..."

வைத்துவிட்டாள். அதிலிருந்து அவர் போனை அவள் எடுப்பதில்லை. அம்மாவிடம் கேட்டால், "தூங்குறா" என்று மட்டும் வரும். எப்பவும் தூங்குவாளா ஒரு மனுஷி?

கோபால்பட்டி வந்துவிட்டது. வேர்க்கடலை வாங்கட்டுமா? வேண்டாமா? சரி, எனக்கும் வேண்டாம்.

ஒரு மத்தியானம் மச்சான் புளியமரத்தடியில் வண்டியை ஓரம் கட்டினார். எட்டி முன் குழாயை அமர்த்தினார். இறங்கிப் போய்ப் பின் குழாயையும் அமர்த்தினார். சத்தம் நின்றதும் எனக்குக் காது வலித்தது. நான் பசிக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையில் ஒரு வெங்காயம் வைத்து, அதன் சருகைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, நாம சாக்கு விரிச்சுப் பொறுக்கி எத்தன நாளாச்சு?"

"ரொம்ப நாளாச்சு மச்சான்."

"ம்" என்றார். புதுசாக எதுவும் சொல்லாமல் அவர் எழுந்தது அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

அடுத்து அவர் செய்ததெல்லாம் பேசாமலேயே செய்தார். திரும்ப எடுத்துக்கொள்கிற கடைக்குச் சரக்கைத் திருப்பினார். எடுக்காததைச் சந்தை ஓரத்துக் கடைக்காரரிடம் வந்த விலைக்குத் தள்ளினார். பின் குழாயைக் கழற்றினார். வீட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார், சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தார், மறுபடி கழுவினார். முட்டிபோட்டு மூலையை முகர்ந்து பார்த்தார். என்னையும் முகரச் சொன்னார். நடுவிட்டத்தில் ஒரு கொக்கி உண்டு, அதில் தராசைத் தொங்கவிட்டிருந்தோம். அதை எடுத்துவிட்டு அக்காவின் பழைய நூல் சேலையைத் தேடி எடுத்து அங்கே தொட்டில் கட்டினார். கட்டிவிட்டு அதற்குள் ஒரு பை வெங்காயத்தை வைத்து ஆட்டினார். எட்டி நின்று பார்த்தார். மறுபடி ஆட்டினார்.

"பிள்ள இவ்வளவு கனம் இருப்பாளா மாப்ள?"

எனக்கு எப்படித் தெரியும்? "இருப்பா" என்றேன்.

அதற்கு மறுநாள்தான், அதாவது இன்றைக்கு, என்னை நத்தத்துக்கு அனுப்பினார். போனை வண்டியில் மாட்டிவிட்டுத்தான் வந்தேன், அது அங்கே பாடினால்தானே வியாபாரம். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்து ஏற்றிவிட்டார். "மாப்ள, உனக்கு வாய் நீளம். அக்காகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வந்துடு" என்று அந்த ஒன்றைச் சொன்னார். "அவளுக்குப் புரிஞ்சுரும். வேற எதையும் எடுக்காத. வண்டி, வெங்காயம், ஒண்ணும் வேணாம்."

"அத நீங்களே போய்ச் சொல்லலாமே மச்சான்?"

"நான் போனா பேசிருவேன்டா. கூட ரெண்டு பிளான் சொல்லிருவேன்."

பாருங்க அண்ணே, தன்னைப் பற்றி அவருக்கே தெரிந்திருக்கிறது.

அக்கா வாசலில் உட்கார்ந்து பிள்ளைக்குக் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். எண்ணெய்க் கையோடு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "நீ மட்டுமா வந்த?" என்றாள். "ஆமா" என்றேன். "உள்ள வா. அங்க எப்படிப் போகுது?" என்றாள்.

கேட்டால் சொல்லத்தானே வேண்டும்? மூடி மறைத்துப் பேசுகிற பழக்கம் என்னிடம் இல்லை. கரண்டியில் ஆரம்பித்தேன். அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டது. குலுக்கல் பெட்டி சொன்னேன். ரெண்டு குழாய் சொன்னேன், ரெண்டு குரலிலும் பேசியே காட்டினேன். பிள்ளைகூடச் சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பினாயில் இலவசம் என்று சொன்னதைச் சொன்னதும், "அய்யோ" என்று மெதுவாகச் சொன்னாள்.

வீடு கழுவின கதைக்கு வருவதற்குள் எனக்குத் தோன்றினதையும் சொன்னேன். "அக்கா, வெங்காயம் மட்டும் வித்தாப் போதும்க்கா. அத ஒழுங்காச் செஞ்சாப் போதும். ஒண்ணே ஒண்ணு. வேணும்னா கூடப் பூண்டு வச்சுக்கலாம், அது வெங்காயத்தோட சேர்ந்ததுதான். வெயில் காலத்துல மட்டும் பின்னாடி ரெண்டு குலை எளநீர் போட்டுக்கலாம், அது எடம் அடைக்காது." எளநீர் நல்ல ஐடியா அண்ணே. நீங்களே சொல்லுங்க, தெருவில் யார் கொண்டுவருகிறார்கள்? நான் அடுத்த மாசம் கேமரா வகுப்பில் சேர்ந்தால்கூட, மத்தியானத்துக்கு மேல் அதை நானே பார்த்துக்கொள்வேன்.

அக்கா, "சாப்புடு" என்றாள். அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தது. அதில் வெங்காயத்தைப் பார்த்ததும் முகர்ந்து பார்த்தேன், பழக்கதோஷம். அதற்கு அம்மா ஒரு தடவை சிரித்தது. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கையைக் கழுவிவிட்டுச் செருப்பை மாட்டினேன். ஒரு செருப்பு வார் கழன்றிருந்தது, அதைக் குனிந்து சரி பண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போது அக்கா நிலைப்படியில் வந்து நின்றாள். பிள்ளை தோளில். "அபி, அவரு ஏதாச்சும் சொல்லி விட்டாரா?" என்றாள்.

அந்த வார் வேறு உள்ளே போக மாட்டேன் என்கிறது. அவ்வளவு நேரம் பேசிப் பேசி எனக்கு வாய் உலர்ந்துபோயிருந்தது. எல்லாம்தான் சொல்லியாகிவிட்டதே என்ற நினைப்பு. "அவரு என்ன சொல்வாரு, எப்பவும் போலத்தான்" என்றேன்.

"சரி, பாத்துப் போ" என்றாள்.

திரும்பும்போது பார்த்தேன். வாசல் ஓரமாக ஒரு கட்டைப்பை இருந்தது, மேலே பிள்ளைத் துணி மடித்து வைத்திருந்தது. அதை எடுத்து உள்ளே கொண்டுபோனாள். மழை மூட்டமாக இருந்தது, அதனால் இருக்கும்.

நான் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை அண்ணே. வேண்டுமானால் எங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்க. நடந்தது நடந்தபடி சொன்னேன். சாணார்பட்டி தாண்டிவிட்டதா? மச்சான் பஸ் ஸ்டாண்டிலேயே நிற்பார். வண்டியைக்கூடக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார்.

என்ன சொல்லச் சொன்னார் என்றா கேட்கிறீங்க? அதுவா.

"தொட்டில் கட்டியாச்சுன்னு சொல்லு மாப்ள, போதும்" என்றார்.

அதை நான் சொல்லவில்லை அண்ணே.